தலைமாட்டுச் சுவர்

விழுப்புரத்தில் கல்யாணம் வைத்த வீட்டில் பத்திரிகை அடிக்கக் கொடுத்த கையோடு என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் இருக்கப் போகிற ரூமுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். ஆளை அனுப்புகிறேன் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் வந்து முதல் கை வைத்துவிட்டுப் போங்கள், அப்புறம் யார் வேண்டுமானாலும் அடிக்கட்டும் என்பார்கள். நான் போய்க் கிழக்குச் சுவரில் பிரஷ்ஷை வைத்து ஒரு சாண் இழுத்துவிட்டு வருவேன். கைராசி. நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, ஊர் சொல்கிறது. திருவாமாத்தூர் ரோட்டில் ஒரே வீட்டில் அண்ணன் தம்பி மூணு பேருக்கும் நான்தான் ரூம் அடித்தேன். மூணு ரூமிலும் தொட்டில் கட்டிவிட்டார்கள். நடு மருமகளுக்கு ரெட்டைப் பிள்ளை.

நான் படித்தது மூணாங்கிளாஸ். சித்தாளாகக் கலவைச் சட்டி தூக்கப் போனவள். ஒருநாள் சுண்ணாம்பு அடிக்கிறவர் வரவில்லை. பனைநார் மட்டை சும்மா கிடந்தது. எடுத்து ஒரு சுவர் முழுக்க அடித்துவிட்டேன். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, இது யார் அடித்தது என்று கேட்டார். வேலை போச்சு என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து எனக்குச் சட்டி கிடையாது, மட்டைதான். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபிறகும் ஒருத்தரிடம் போய் நின்றதில்லை. இன்றைக்கு என்கிட்டே பதினாலு பேர் வேலை செய்கிறார்கள். ஷேடு கார்டில் போட்டிருக்கிற இங்கிலீஷ் பேரெல்லாம் எனக்குப் படிக்க வராது. ஆனால் ஒரு சுவரைத் தடவிப் பார்த்தால் எத்தனை கோட் அடித்தது, பட்டி பார்த்தானா, ப்ரைமர் போட்டானா, ஏமாற்றினானா எல்லாம் சொல்லிவிடுவேன். முண்டியம்பாக்கத்தில் ஒரு டாக்டரம்மா வீட்டில் பெரிய கம்பெனி ஆள் ஒருத்தனை நிற்க வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

இதையெல்லாம் முதலில் எழுதுகிறதற்குக் காரணம் இருக்கிறது. என் மகள் விஷயத்தில் நான் செய்ததை எழுதப் போகிறேன். நான் யார் என்று தெரியாமல் படித்தால், ஏதோ ஒன்றும் தெரியாத பொம்பளை செய்த காரியம் என்று நினைத்துவிடுவீர்கள்.

மகளைத் திண்டிவனத்தில் கொடுத்தேன். மாப்பிள்ளை மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரே குறை, அவர் அம்மாவுக்கு எதிரில் அவருக்கு வாய் திறக்காது. கல்யாணத்துக்கு முன்னாடி நான் ரூம் அடித்துக் கொடுக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எங்கள் வீட்டுச் சுவருக்கு எங்கள் ஆள் இருக்கிறான் என்று சம்பந்தி பதில் அனுப்பினார்கள். கிளிப்பச்சை அடித்தார்கள். பளபளவென்று, ஆயில் பெயிண்ட். படுக்கிற ரூமுக்கு.

அந்தப் பச்சைக்குள்ளே மூணு வருஷம் இருந்தாள். கட்டிலை எந்தப் பக்கம் போடுவது, எந்தப் போர்வை விரிப்பது, ஜன்னலை எத்தனை மணிக்குச் சாத்துவது, எல்லாம் மாமியார் சொன்னதுதான். இவள் புருஷனிடம் சொன்னால், "அம்மா சொல்றாங்க, உட்டுடு" என்பாராம். அடி இல்லை, திட்டு இல்லை. இந்த ஒரு வார்த்தைதான். மூணு வருஷம் அதைக் கேட்டுவிட்டு ஒருநாள் இரண்டு பையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு வருஷம் ஓடியது. கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: அந்த ரூமில் என் கை படவில்லை. ஊரில் இருக்கிறவர்கள் பெண்ணெல்லாம் நன்றாக இருக்கிறார்கள், என் பெண் மட்டும் திரும்பி வந்தாள் என்றால் வேறு என்ன காரணம். நான் அதை நம்பினேன்.

இந்தத் தை முடிந்ததும் மாப்பிள்ளை தானாக விழுப்புரம் வந்தார். என் வீட்டுக்கு வரவில்லை. மருந்துக்கடைக்கு எதிரில் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தாராம். தனியாக ஒரு மாடி வீடு பார்த்துவிட்டேன், அம்மாவிடமும் சொல்லிவிட்டேன் என்றாராம். இவள் நம்பவில்லை. வீட்டுக்காரம்மா பெயிண்ட் மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள், படுக்கிற ரூமுக்கு நீ என்ன கலர் சொல்கிறாயோ அதுதான், வேறு ஒருத்தரையும் கேட்கப் போவதில்லை என்றாராம்.

அதற்கப்புறம் ஒரு மாசம் இரண்டு பேரும் போனில் கலர்தான் பேசினார்கள். கல்யாணத்துக்கு முன்னாடிகூட அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். அவர் போட்டோ அனுப்புவார், இவள் வேண்டாம் என்பாள். வெயில் எந்தப் பக்கம் வரும் என்று கேட்பாள், அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார். பக்கத்து ரூமில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். சுவர் விஷயம் பேசுகிறார்கள், சுவரில் பிழைக்கிறவள் ஒருத்தி இங்கே இருக்கிறாளே, ஒரு வார்த்தை கேட்கலாம் என்று தோன்றவில்லை அவர்களுக்கு.

கடைசியில் ஒரு துண்டுச்சீட்டில் நம்பர் எழுதி என்னிடம் கொடுத்தாள். ஷேடு கார்டைப் பிரித்து அந்தக் கலரைக் காட்டினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னா கலருடி இது?"

"சாம்பல் நீலம்மா. தலைமாட்டுச் சுவத்துக்கு மட்டும். மத்த மூணுக்கும் மோர் வெள்ளை."

"புருஷன் பொண்டாட்டி படுக்கற ரூமுக்கு சாம்பலா? எழவு வீட்டுக்குக்கூட இத்த அடிக்கமாட்டாங்க."

"நாங்க ரெண்டு பேரும் பேசி எடுத்ததும்மா. நீ அடிச்சிக் குடுக்கறதா இருந்தா இத்ததான் அடிக்கணும். இல்லன்னா சொல்லிடு, அவரு அங்கியே ஆள் பாத்துப்பாரு."

"சரி" என்றேன்.

அந்தச் சரி நான் எல்லாருக்கும் சொல்கிற சரி. போனில் எதையாவது பார்த்துவிட்டு வந்து, இந்தக் கலர்தான் வேண்டும் என்று நிற்பவர்கள் எத்தனை பேர். சரி என்பேன். கலக்கும்போது எனக்குத் தெரிந்த மாதிரி கொஞ்சம் ஏற்றி இறக்கிவிடுவேன். முடிந்ததும், பாருங்கள் நாங்கள் சொன்ன கலர் எப்படி எடுப்பாக இருக்கிறது என்று அவர்களே சொல்வார்கள். இவளும் அப்படித்தான் சொல்வாள் என்று நினைத்தேன்.

விழுப்புரத்திலேயே கடையில் மிஷினில் கலக்கச் சொன்னேன். மூணு சுவருக்கு இளம்ரோஸ், தலைமாட்டுக்கு அடர்ரோஸ். கல்யாண ரூம் என்றால் நான் அடிக்கிற ஜோடி அதுதான். இருபது வருஷமாக என்னோடு இருக்கிற பெரிய பெயிண்டர் டப்பா மூடியில் வைத்திருந்த கலர்ச் சொட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, பாப்பா வேற நம்பர் இல்ல குடுத்துச்சி" என்றார்.

"பாப்பாவ நான் பாத்துக்கறேன். நீ ஜல்தியா வண்டில ஏத்து."

ஏற்றினார். விக்கிரவாண்டி தாண்டும்வரை வாயைத் திறக்கவில்லை. வாயாடி மனுஷன், சும்மா வந்ததே எனக்குக் கடுப்பாக இருந்தது.

புதன், வியாழன் இரண்டு நாள் வேலை. அந்த ரூமில் தலைமாட்டுச் சுவரே கிழக்குச் சுவராக அமைந்தது. நான்தான் முதல் கை வைத்தேன். ஐந்து வருஷமாக நெஞ்சில் இருந்த ஒன்று இறங்கின மாதிரி இருந்தது. ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அந்தச் சுவர் முழுக்க நானே அடித்தேன். இந்த வயசில் ஏணி ஏறி, ஒரு ரோலர் தடம் இல்லாமல், சீலிங் ஓரத்தில் டேப் ஒட்டாமல் வெறும் கையாலேயே நூல் பிடித்த மாதிரி. தாமரை மொட்டின் அடி இதழ் மாதிரி இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை கடையை அடைத்துவிட்டு எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிக்கொண்டு வந்தார். ரூம் கதவைச் சாத்தி வைத்திருந்தேன். "பாக்கலாமா அத்தை?" என்று கேட்டார். ஈரம், தூசு ஒட்டும், வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்தே பாருங்கள் என்றேன். கதவுப் பக்கம் கொஞ்சம் நின்றார். அந்த நம்பர்தானே என்று கேட்டார். "நான் அடிக்கற சுவரு மாப்ள, நீங்க ஏன் கவலப்படறீங்க" என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை. வயசான பொம்பளையிடம் இரண்டாம் தடவை கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படிச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினார்கள். பெரிசாக யாரையும் கூப்பிடவில்லை. நான், மகள், மாப்பிள்ளை. சம்பந்தி வரவில்லை. இவள் ஒரே ஒரு பை மட்டும் எடுத்து வந்திருந்தாள். மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். பால் பொங்கியது. ஒரு டம்ளரை அவரிடம் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் சிரித்தாள். அவரும் சிரித்தார். "வா, ரூம பாக்கலாம். நானும் இன்னும் பாக்கல" என்று சொல்லிக்கொண்டே அவர்தான் கதவைத் தள்ளினார்.

நான் பின்னால் நின்று அவர்கள் முகத்தைப் பார்ப்பதற்குக் காத்திருந்தேன். எப்போதும் அந்த நேரம் எனக்குப் பிடிக்கும். பெண்கள் வாயில் கை வைத்துக்கொள்வார்கள்.

இவள் சுவரைப் பார்த்தது ஒரு விநாடி. திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவே இல்லை.

"யாரு சொல்லி மாத்தினீங்க?"

அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாய் திறந்தது. மூடிக்கொண்டது.

"இன்னும் பாக்கலன்னு பொய் வேற." அவள் குரலை உயர்த்தவில்லை. "அங்க உங்கம்மா. இங்க எங்கம்மா. யாராவது ஒரு அம்மா சொல்லிட்டா போதும் உங்களுக்கு."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. ஒரு வார்த்தை. உன் புருஷனுக்கு ஒன்றும் தெரியாது, நான்தான் மாற்றினேன். அதைச் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"நல்ல நாள் அதுவுமா கலருக்குப் போய் பேஜாரு பண்ணிக்கினு. இந்தக் கலருக்கு என்னா கொற? விழுப்புரத்துல கேட்டுப் பாரு, எத்தினி பேரு வாழ்ந்துக்கினு இருக்காங்கன்னு."

டம்ளரை ஜன்னல் மேடையில் வைத்தாள். பையை எடுத்தாள். படி இறங்கிப் போய்விட்டாள்.

மாப்பிள்ளை பின்னாலேயே ஓடுவார் என்று பார்த்தேன். ஓடவில்லை. ரூம் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். தலை குனிந்திருந்தது, ஆனால் வழி விடவில்லை.

"நான் போய்ச் சொன்னா நம்பமாட்டா அத்தை. நீங்கதான் சொல்லணும்."

"என்னாத்த சொல்றது? கெட்டதா பண்ணிட்டேன்? உங்க ரெண்டு பேரு நல்லதுக்குத்தான் பண்ணேன்."

"எங்கம்மாவும் நல்லதுக்குன்னுதான் பச்சை அடிச்சாங்க. அவங்களும் எங்கள கேக்கல."

என்னை யாரோடு சேர்த்துவிட்டார் பாருங்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் யார், எப்படி முன்னுக்கு வந்தேன், எத்தனை குடும்பம் என் கையால் விளங்கியிருக்கிறது என்று ஆரம்பித்தேன்.  எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். முடித்ததும், "அவ பஸ் ஏறிட்டா திரும்ப வரமாட்டா அத்தை" என்றார். சொல்லிவிட்டு வாசலை விட்டு விலகினார். 

இறங்கினேன். முட்டிவலி, ஒவ்வொரு படியாக. கீழே வீட்டுக்கார அம்மா மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். இவள் கேட் ஓரமாக நின்று ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டோவும் வந்து நின்றுவிட்டது. உள்ளே நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் நடுவில்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"மாப்ளைக்குத் தெரியாது. நான்தான் மாத்தினேன்."

இவள் நம்பவில்லை. "அவர காப்பாத்தறதுக்குச் சொல்றே. நீ என்னிக்கு உன் தப்ப ஒத்துக்கினே, இன்னிக்கு ஒத்துக்கறதுக்கு?"

ஆட்டோக்காரர் ஏறுகிறீர்களா இல்லையா என்றார். உள்ளே இருந்த ஒரு அம்மா, கொஞ்சம் இருப்பா, என்னவோ பேசுகிறார்கள் என்று அவரை அடக்கினாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. போனை எடுத்துப் பெரிய பெயிண்டருக்குப் போட்டு, இவள் காதில் விழுகிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தேன். பாப்பா ரூம் கலர் எப்படி மாறியது, சொல்லு என்றேன்.

அவருக்கு என்ன தோன்றியதோ, என்னை மாட்டிவிடக் கூடாது என்று முடிவு பண்ணிவிட்டார். "அது கடைக்காரன் தப்பா கலந்துட்டான்க்கா. நாம இன்னா பண்றது" என்றார்.

இவள் ஆட்டோவில் ஒரு காலை வைத்துவிட்டாள்.

"யோவ், பாப்பா பக்கத்துல நிக்குது. அது வாழ்க்கை. நெஜத்த சொல்லுய்யா."

 அப்புறம் கொட்டித் தீர்த்துவிட்டார். "நீதாங்க்கா மாத்தினே. கடையிலயே சொன்னேன், கேட்டியா? மாப்ள வந்து அந்த நம்பர்தானேன்னு கேட்டாரு, அவரையும் மடக்கி அனுப்பிட்டே. பாவம் அந்தாளு, பஜ்ஜி வாங்கிக் குடுத்துட்டு கதவப் பாத்துக்கினே போனாரு. ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல." இன்னும் என்னென்னவோ சொன்னார். இருபது வருஷத்துக்குச் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. என்கிட்டே கூலி வாங்குகிற ஆள் என்னை அப்படிப் பேசி, அதை நடுரோட்டில் நான் நின்று கேட்டது அன்றைக்குத்தான்.

இவள் காலைக் கீழே வைத்தாள். "நீ போண்ணா" என்று ஆட்டோவை அனுப்பிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் மேலே ஏறினாள். நான் மெதுவாகப் பின்னால் போய்ச் சேருவதற்குள் அவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா உங்கம்மாவ காட்டிக் குடுத்த மாதிரி ஆவும்."

"காட்டிக் குடுங்க. எங்கம்மாவா இருந்தாலும் உங்கம்மாவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க. நீங்க வாயத் தொறக்காதது ஒண்ணுதான் என்னை ரெண்டு வருஷம் எங்கம்மா வீட்ல உக்கார வெச்சது."

 அவர் பர்ஸைத் திறந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்தார். அதே நம்பர், அவர் கையெழுத்தில். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் என் எதிரில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"அத்தை, நீங்க அடிக்க வேணாம். ஆளும் அனுப்ப வேணாம். நாங்களே அடிச்சிக்கறோம்."

திண்டிவனத்துக் கடையிலேயே பெயிண்ட் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். இரண்டு பேரும் ரூமுக்குள் போனார்கள். கதவு பாதி சாத்தியிருந்தது. நான் அடுப்பங்கரையில் உட்கார்ந்தேன். பால் பாத்திரத்தைக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன்.

அவர்கள் செய்தது என்னவென்றால், மற்ற மூணு சுவரை அப்புறத்துக்கு விட்டுவிட்டு, தலைமாட்டுச் சுவரில் அடர்ரோஸ்மேல் ப்ரைமர் போடாமல் நேராகச் சாம்பல் நீலத்தை ஏற்றினார்கள். அடி ரோஸ் அத்தனையும் மேலே வந்து முகம் காட்டும். எனக்கு இங்கே உட்கார்ந்தபடியே தெரியும், ரோலர் சத்தத்திலேயே தெரியும். பெயிண்டை அள்ளி அப்புகிறார்கள், பிழியாமல் இழுக்கிறார்கள். வழியுது பாருங்க என்று இவள் சொல்வதும், நீ கீழே இருந்து வா நான் மேலே இருந்து வர்றேன் என்று அவர் சொல்வதும் கேட்டது. ஒரு தடவை எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டேன். இடுக்கில் பார்த்தேன். சுவர் வேர்க்குரு வந்த முதுகு மாதிரி இருந்தது. சீலிங் ஓரம் பாம்பு மாதிரி நெளிந்தது. அவருடைய சட்டைக் கையில் பெயிண்ட், இவள் முடியில் பெயிண்ட். பத்து நிமிஷம் என் கையில் அந்த ரோலரைக் கொடுத்தால் போதும். கதவில் கை வைத்தேன். வைத்த கையை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்கே வந்து உட்கார்ந்தேன். கலவைச் சட்டியை முழு வெயிலில் நாலாவது மாடிக்குத் தூக்கியிருக்கிறேன். அன்றைக்கு உட்கார்ந்திருந்தது அதைவிடக் கஷ்டம்.

சாயங்காலம் வெயில் இறங்குகிற நேரத்தில் தண்ணீர் குடிக்க வந்தாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, காலையிலிருந்து முதல் தடவையாக என்னைப் பார்த்தாள்.

"ரோஸ் தெரியுது" என்றாள்.

"தெரியும்."

"என்ன பண்ணணும்?"

"நல்லா காயட்டும். இன்னும் ரெண்டு கோட் போகும். பெயிண்ட்ட ரொம்ப அள்ளாதீங்க."

"ப்ரைமர் அடிச்சிருக்கணும் இல்ல?"

"ஆமா."

"சொல்லலியே நீ."

"நீங்க கேக்கல."

 அவள் முகத்தில் இருந்தது கோபமா சிரிப்பா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ரூம் பக்கம் திரும்பி, "நாளைக்குக் கடைக்கு லீவு போட்டுடுங்க, இன்னும் ரெண்டு கோட் இருக்காம்" என்று சத்தமாகச் சொன்னாள். பிறகு என்னிடம், "நீ கிளம்பும்மா. வெளிச்சத்தோட போய்ச் சேரு" என்றாள்.

நாளைக்கு என்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் திரும்பக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

அதற்கப்புறம் நாலைந்து தடவை திண்டிவனம் போய்விட்டேன். போன ஞாயிற்றுக்கிழமையும் போனேன். கறி ஆக்கியிருந்தாள். மாப்பிள்ளை என் தட்டில் இன்னும் இரண்டு துண்டு எடுத்து வைத்தார், பேச்சும் முன்னைவிடக் கொஞ்சம் கூடியிருக்கிறது. சம்பந்தியும் ஒருநாள் வந்துவிட்டுப் போனார்களாம். அவர்களையும் ஹாலில்தான் உட்கார வைத்தாளாம். அந்த ரூம் கதவு நான் போகும்போதெல்லாம் சாத்தியே இருக்கிறது. உள்ளே வந்து பார் என்று இதுவரைக்கும் அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.